பூஜ்ஜியத்தில் விழுந்த கோடு

‘டிக்’ என்று ஒரு சத்தம். விரலைச் சொடுக்கியது போல, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்த ஆராய்ச்சி மாணவி சட்டென்று திரும்பினாள். வைரம் உடைந்துவிட்டது.

உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கூடு, செல் என்பார்கள். அதற்குள் எதிரெதிரே இரண்டு வைர முனைகள். நடுவில் தூசியளவு படிகம், காகிதக் கட்டு மாதிரி அடுக்கடுக்கானது. திருகாணியை இறுக்கினால் அடுக்குகள் நெருங்கும். பிறகு கடுங்குளிரில் இறக்கி மின்தடையை அளக்க வேண்டும். இன்று காலையில் தடைக்கோடு சட்டென்று விழுந்து பூஜ்ஜியத்தில் படுத்துக்கொண்டது. தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீகடத்தி! தலைகால் புரியாமல் பேராசிரியருக்குப் போன் போட்டாள். சூடேற்றும்போது தடை திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும், பாலபாடம் அது. அதற்குள் அவர் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார். நாலு மணிக்குக் கட்டுரை போயாக வேண்டுமாம். சூடேற்ற ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் இந்த ‘டிக்’. புது வைரம் வர மூன்று மாதம்.

உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை நடந்து திரும்பினாள். படிகத்தில் மின்னழுத்தம் அளக்கும் இரண்டு தங்கக் கம்பிகள் நசுங்கி ஒன்றையொன்று தொட்டால், அது மீகடத்தியாக இல்லாவிட்டாலும் மீட்டர் பூஜ்ஜியம்தான் காட்டும். குளிரில் செல் சுருங்கி இன்னும் இறுக்கியிருக்கலாம்.

சீனியர் டீ கோப்பையோடு வந்தார். போன வருஷம் இதே பொருளில் இப்படி விழுந்த ஒரு கோடுதான் அவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. அதை நம்பித்தான் அவள் இந்த வேலையிலேயே இறங்கினாள். விஷயத்தைக் கேட்டவர், கோடு லட்சணமாக இருக்கிறது, அனுப்பிவிடு, செத்த செல்லை அறுத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார்.

“சும்மா இருங்கண்ணா. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

செல்லின் குளிர் முழுக்க விடும்வரை நகத்தைக் கடித்தாள். செல்லைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்தாள். படிகம் தூள்தூளாகக் கிடந்தது. அதன் அடியில் கம்பிகள் இரண்டும் ஒரே தகடாக நசுங்கி, எது எந்தக் கம்பி என்று தெரியாமல் பின்னிக் கிடந்தன.

மேஜையில் போன் அதிர்ந்தது. பேராசிரியர். அவள் எடுக்கவில்லை. சீனியர் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்க செல்லுல கம்பி எப்படிண்ணா இருந்துச்சு?”

அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் திறக்கவே இல்லம்மா.”