கம்பி கட்டிய ராக்கெட், விரிக்காத இலை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. பூந்தமல்லியில் ஒரு பழைய புத்தகக் கடையில் பார்த்த படத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் பறக்கவிட்ட ஜெட் விமானம். ஒவ்வோர் இறக்கைக்கு அடியிலும் பன்னிரண்டு ராக்கெட்டுகள், சந்தையில் அடுக்கிய முருங்கைக்காய் மாதிரி. அவற்றைத் தாங்கிய சட்டம் வெறும் மரமாம்! அந்த மரச்சட்டம் என்னை விடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகம் சூழ்ந்த ஜெர்மனி வானில், அந்த விமானி தன் கையுறையை..."

[நிறுத்திவிட்டேன். அந்த வானம் எனக்குத் தெரியாது. ஆவடி வானம் தெரியும்.]

2.

ஆகவே ஆவடி, 1988. பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு வீடு. கோவிந்தராஜின் மகள் பத்மாவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அவள் அம்பத்தூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் 'காயில்' சுற்றுகிறாள். மாப்பிள்ளை உத்தமனுக்கு நசரத்பேட்டை. லேத் பட்டறையில் வேலை. பஜ்ஜி, காபி ஆயிற்று. சமையலறையில் சாதம் வடித்து, இலை நறுக்கித் தயார். ஆனால் பெண் சரி என்றால்தான் இலை விழும். சம்மதம் ஆகாத வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை.

பத்மாவுக்கு ஒரே பயம். "இன்னிக்கு இன்னாப்பா செஞ்ச?" என்று கேட்டால் அப்பா "வேலை" என்பார். வெளியே சொல்லக் கூடாத வேலை; அந்தப் பழக்கம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே அம்மா குடித்தனம் நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவள். தானும் அப்படி ஒருவனோடு...

[இதை முடிக்க வேண்டாம். உங்களுக்கே தெரியும்.]

3.

"பொண்ணாண்ட போய்ப் பேசுடா" என்று அக்கா அங்கம்மா தள்ளிவிட, உத்தமன் வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டியருகே பத்மாவோடு நின்றான். பேசினான். எதைப் பற்றி? நான் என்ன செய்வேன், ராக்கெட்டைப் பற்றித்தான்.

"அப்பால ஜெர்மன்காரங்க இன்னொண்ணு செஞ்சாங்க. கம்பி கட்டுன ராக்கெட்டு. ஏரோப்ளேன்ல குந்திகினே கைப்பிடிய ஆட்டி அத்தத் திருப்பலாம்."

"கம்பி சுத்துன உருளை எதுல கீது? ஏரோப்ளேன்லயா, ராக்கெட்லயா?"

"ராக்கெட்டு றெக்கை நுனியில."

"அப்ப சரி. இழுபடாம பிரியும்" என்றாள் பத்மா. "அத்த ஓட்டுறப்ப அந்த ஆளு திரும்பக்கூடாதா?"

"கூடாது. நேராப் போய்கினே ராக்கெட்டையே பாக்கணும்."

"பின்னாடி எவனா வந்தா?"

"தெரியலீங்க. அத்த சண்டையில உட்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிபோச்சி. நான் யோசிச்சதேயில்ல."

(குறிப்பு: ராக்கெட் போய் இடிக்கிற குண்டு விமானத்தில் எத்தனை பேர் என்றும் கேட்டாள். "பத்து பேருங்க." "பத்து ஊடு" என்றாள். இந்த இடத்தைப் பேனாவால் அடித்துப் பார்த்தேன், அவள் அடிக்க விடவில்லை.)

ஜன்னலிலிருந்து அங்கம்மா: "டேய், பொண்ணு பாக்க வந்தியா, ஏரோப்ளேன் பாக்க வந்தியா?"

4.

இந்த உத்தமன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாயே திறக்காத அப்பாவும், தன் பேச்சை மட்டுமே பேசுகிறவனும் ஒன்றுதானே? பத்மாவும் அதையே நினைத்து உள்ளே போகத் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றான். "காயில் சுத்தறப்ப கம்பி அறுந்தா இன்னா பண்ணுவீங்க?"

அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"பிரிச்சிட்டு மொதல்லேர்ந்து சுத்துவேன். முடிச்சு போட்டா அங்கதான் சூடாவும்."

"முடிச்சு வெளிய தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியுமே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, உள்ளே போகவும் இல்லை.

5.

முடிவு. அந்த இருபத்துநான்கு ராக்கெட்டுகளையும் ஒரே மூச்சில் விடுவதுபோல முடிவுகளை விட்டுப் பார்த்தேன். ஒன்றில் இலை விழுகிறது. ஒன்றில் அங்கம்மா முறுக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ஒன்றில் பத்மா யோசிக்க அவகாசம் கேட்கிறாள், சாதம் ஆறுகிறது. இன்னொன்றில் கோவிந்தராஜே வாயைத் திறந்து, "அந்தச் சட்டம் இன்னா மரம் மாப்ள?" என்று...

[இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனாலேயே சந்தேகம்.]

சரி, ஒன்றை மட்டும் கம்பி கட்டி ஓட்டலாமென்றால், ஓட்டுகிறவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எனக்கோ பத்மாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். அம்மா ராணி இலையும் கையுமாக, "இன்னாடி?" என்கிறாள். பத்மா தொட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள்.

கம்பியை விட்டுவிட்டேன். இலை இப்போது உங்கள் கையில், கண்ணுகளா. தண்ணீர் தெளித்துத்தான் கொடுத்திருக்கிறேன்.