இடப்பக்கத்து நத்தைக்கல்

குழி வெட்டப் போயிருந்த அரியமுத்து, கடப்பாரையும் கையுமாகச் சாவுப் பந்தலுக்குள் வந்து நின்றார். செத்துப்போன ஞானமுத்துவின் சித்தப்பா மகன் அவர். ஒப்பாரி வைத்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணி, கொஞ்சம் கல்லறைக்கு வாங்க. நீங்களே வந்து பாருங்க."

"என்னப்பா, பாறையா? அந்த மூல வேணாம்னு தலதலயா அடிச்சுக்கிட்டேனே!" அமலோற்பவமேரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? போன மாதம் ஞானமுத்து அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வாசல் பக்கம் வேப்பமர நிழலில் இரண்டு பேருக்கு இடம் சும்மா கிடந்தது. அதை ஏறெடுத்தும் பாராமல், மேற்கே மழை அரித்த பள்ளத்தைக் கைத்தடியால் தட்டி, "எனக்கு இங்கதான்" என்றார். எனக்கு! நாற்பத்தோரு வருஷம் கூடவே கிடந்தவளுக்கு எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. வாய்விட்டுக் கேட்க அவளுக்கும் ரோஷம் விடவில்லை. இன்று காலை அவர் கண்ணை மூடியதிலிருந்து அழுகையோடு அழுகையாக அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

மனுஷருக்குக் கல் பைத்தியம். கண்டக்டர் வேலையில் ஓய்வு நாள் கிடைத்தால் போதும், சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமான மூன்றாம் நாள், வேளாங்கண்ணிக்கு என்று புறப்பட்டு, காரை என்ற ஊரின் பள்ளங்களில் அவளைக் கொண்டுபோய் இறக்கியவர். கண்ணுக்கெட்டிய தூரம் புல் பூண்டு இல்லாத மண் மேடுகள். பட்டுப்புடவையும் அதுவுமாக அவள் வெயிலில் நிற்க, அவர் குந்தி உட்கார்ந்து ஒரு பாறையைக் காட்டினார். கோடு கோடாக ஏதோ ஊர்ந்த தடம்.

"இங்க கடலு இருந்தப்ப நண்டோ புழுவோ நடந்துருக்கு. கடலே போயிருச்சு, தடம் போவல பாரு."

"ஏன், வேளாங்கண்ணில நண்டு இல்லயா?" என்றாள். அவர் சிரித்த சிரிப்பு பள்ளமெல்லாம் கேட்டது.

வீட்டில் டிவி மேல், ஜன்னலில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், எங்கும் அவர் பொறுக்கி வந்த நத்தைக்கற்கள்; அந்தக் கடலின் நத்தைகள் கல்லாக இறுகி உடைந்த துண்டுகள். முழுசாக ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

"சாவு வூட்ட விட்டுட்டு எங்கம்மா போற?" மகள் அனிதா மேரி கையைப் பிடித்தாள்.

"உங்கப்பா எங்கயும் எந்திரிச்சுப் போயிட மாட்டாரு. வந்துடறேன்."

குழியோரம் ஈரமண் மேல் அது கிடந்தது. முறம் அகலம். கிடாக்கொம்பு போலச் சுருண்டு, வரிவரியாக, ஒரு கீறல் இல்லாமல், முழு நத்தைக்கல்.

"அட பாவி மனுஷா, படுக்கப்போற எடத்துலயும் கல்லா!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. அரிச்ச கரையில ஓரம் தெரிஞ்சுதாம். இப்ப எடுக்காதடா, நான் வரப்ப எடுத்துக்கிறேன்னாரு. இன்னொன்னும் சொன்னாரு. இடப்பக்கச் சுவத்துல கைய வெச்சிடாத, அது உங்க அண்ணி எடம்னாரு."

அவள் குனிந்து பார்த்தாள். குழியின் இடப்பக்கச் சுவரில், ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு நத்தைக்கல்லின் வரி வெளியே தெரிந்தது. மிச்சமெல்லாம் மண்ணுக்குள் இருந்தது. காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. சாவு நாளில் இத்தனை சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"பேத்துக் குடுக்கட்டுங்களா?"

"ஒதை வாங்குவ. நான் வரப்ப எடுத்துக்கிறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, குழிக்கு இடப்பக்கம் அடிமேல் அடி வைத்து அளந்தாள். தாராளமாக இடம் இருந்தது.

சாயங்காலம் குழியை மூடி, மேட்டைத் தட்டிச் சமன்செய்த அரியமுத்து, பக்கத்தில் பதிந்திருந்த அந்தக் காலடிகளின் மேல் மண்வெட்டி படாமல் ஒதுங்கி நடந்தார்.