கஞ்சி போட்ட மரங்கள்

மானைக் கண்டால் உருகுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் ஆப்பிள் கன்றை வாங்கிக் கொடுத்து, பனிக்காலம் முடியும்வரை காப்பாற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் பேசட்டும், அதன் கண்ணழகைப் பற்றி. கண் அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் எங்கள் தெருவில் ஒரு ரோஜாச் செடிகூட மிச்சமில்லாமல் மேய்ந்து தீர்த்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் சரிவு, அதற்கு மேல் காடு. பனி கொட்டி மேலே புல் பூண்டெல்லாம் மூடிவிட்டால் மான்கள் கீழே இறங்கிவிடும். முதலில் செடிகளைத் தின்னும், பிறகு புதர்களை. அதுவும் தீர்ந்தால் இளமரத்தின் பட்டையில் வாய் வைக்கும். சுற்றிலும் பட்டை உரிந்துவிட்டால் மரத்தின் கதை அவ்வளவுதான்.

எங்களிடம் ஐந்து ஆப்பிள் கன்றுகள் இருந்தன. குளிர் தொடங்குமுன் என் வீட்டுக்காரர் நட்டவை. அவர் கூரை வேலைக்காரர். ஓடு மாற்றுவார், தகரம் அடிப்பார், மழைநீர்க் குழாய் மாட்டுவார். கன்று நட்ட மறுவாரமே ஒரு கூரையிலிருந்து சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கம்பி வைத்துச் சரிசெய்தார்கள்.

"எலும்பு கூடிடுச்சு. இனிமே அவர்தான் நடக்கணும்" என்றார் டாக்டர். "இப்படியே உக்காந்திருந்தா முட்டி இறுகிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை."

இவர் கட்டிலிலிருந்து சமையலறை ஜன்னலோர நாற்காலிக்கு வந்து, காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்காருவார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போவார். அதோடு சரி. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். இருபது வருஷம் கூரைமேல் நடந்த மனுஷனுக்குத் தரையில் நடக்கப் பயம். ஆனால் என் கவனிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. தண்ணீர் வேண்டுமென்று அவர் நினைப்பதற்குள் டம்ளர் கையில் இருக்கும். நாள் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கன்றுகளைத்தான். வாயைத் திறந்தால் அதுகளைப் பற்றித்தான் பேசுவார். தினமும் வந்து ஒவ்வொரு கன்றாக முகர்ந்துவிட்டுப் போகும் ஒரு பெண் மானுக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர்கூட வைத்திருந்தார்.

ஒருநாள் காலை, வேலியோரக் கன்றில் ஒருபக்கம் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டரம்மா கைவரிசையைக் காட்டிவிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

"விடு, போனா போகட்டும்" என்றார். "நானும் அதுவும் ஒண்ணுதான்."

கன்றுகள் போனால் இவர் நாற்காலியை விட்டு எழவே மாட்டார் என்று பட்டது. பட்டவுடன் கோபம்தான் வந்தது. நானா மானா, ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்தேன்.

என் தொழில் சலவை. வீட்டின் பக்கத்து அறையில் இரண்டு பெரிய இயந்திரங்கள் வைத்திருக்கிறேன். சுற்றுவட்டார உணவகங்களின் மேஜை விரிப்பெல்லாம் என்னிடம்தான் வரும். கஞ்சி போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் தேய்த்த விரிப்பை நிறுத்தி வைத்தால் நிற்கும். ஓட்டை விழுந்து ஒதுக்கிய விரிப்புகளை எடுத்து, நீளமாகக் கிழித்து அலசினேன். கடைசி அலசலில் ஒரு கை உப்பு. குளிர்காலத்தில் கொடியில் காயும் துணி உறைந்து பலகையாகாமல் இருக்க நான் எப்போதும் போடுவதுதான். கை தன் பாட்டுக்குப் போட்டது. ஈரத்தில் துணி தொய்ந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் கெட்டியாகக் கஞ்சி. காயவைத்து ஐந்து கன்றுக்கும் கழுத்துவரை சுற்றிக் கட்டினேன். வெள்ளைச் சட்டை போட்ட பரிசாரகர்கள் மாதிரி வரிசையாக நின்றன.

அடுத்த வீட்டுப் பாட்டு டீச்சர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, மரத்துக்கெல்லாம் கல்யாணமா?"

"ஆமா. மானுக்கு மட்டும் பத்திரிகை கிடையாது" என்றேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் தோட்டம் நிறைய மான். ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு கூட்டமே பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு என் துணியை நக்கிக்கொண்டிருந்தன. ஒரு குட்டி துணியின் ஓரத்தை மென்றுகொண்டே என்னை ஏறிட்டுப் பார்த்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி விரட்டிவிட்டு, எதை இப்படி நக்குகின்றன என்று துணியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பும் கஞ்சியும் பதமாகச் சேர்ந்து, நமக்கே ருசியாகத்தான் இருந்தது. பசித்து வந்த காட்டுக்கு நானே கஞ்சித்தொட்டி திறந்திருக்கிறேன்.

"பத்திரிகை வெக்கலேன்னீங்களேக்கா" என்றது வேலிப்பக்கக் குரல். "குடும்பத்தோட வந்துட்டுப் போறாங்க!"

நான் அசரவில்லை. உப்பும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல் வேறு விரிப்புகளை அலசிக் கட்டினால் தீர்ந்தது. சலவையறைக்குப் போய் இரண்டு இயந்திரத்தையும் ஓடவிட்டேன். அதுகள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

துணியைப் பிழிந்துகொண்டே தற்செயலாக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பனியில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுச் செருப்போடு, மேலே ஒரு கம்பளிகூட இல்லாமல், சமையலறை நாற்காலியை முன்னால் தள்ளித் தள்ளி, அதைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரம்மா திரும்பி வந்து நடுக்கன்றின் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டையில் வாய் வைத்திருந்தாள். இவர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுதான் கிளம்பியிருக்க வேண்டும்.

நான் பின்கதவுக்கு ஓடினேன். கதவைத் திறப்பதற்கும் அவர் நாற்காலியைத் தூக்கி மானை நோக்கி வீசுவதற்கும் சரியாக இருந்தது. மான் துள்ளிச் சரிவில் ஏறியது. நாற்காலி பின்வேலியைத் தாண்டி, சரிவின் அடியில் இருந்த பள்ளத்தில் போய் விழுந்தது. இவர் தடுமாறி மண்டியிட்டு விழுந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சர் "ஐயோ!" என்று ஓடி வரப் பார்த்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எதற்காக நிறுத்தினேன் என்று அந்த நொடியில் எனக்குத் தெரியாது. அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன், கால் மடங்கியிருந்தது. மாதக்கணக்கில் மடங்காத முட்டி, பனிக்குள் நன்றாக மடங்கியிருந்தது. என் கால் ஓடு ஓடு என்றது. நிலைப்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கன்றுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பைப் பிடித்து எழுந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. கன்றைத்தான் தடவிப் பார்த்தார். பிறகு வேலியில் சாய்த்து வைத்திருந்த பழைய தகர மழைநீர்க் குழாய் ஒன்றை இழுத்து, கன்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். நீளவாக்கில் கீறிவிட்டால் தண்டைச் சுற்றி மாட்டிவிடலாம். தகரத்தை எந்த மானும் கடிக்காது. இத்தனை நாள் அந்தக் குழாய் அங்கேதான் கிடந்தது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீ எங்க கேட்ட?" என்று திருப்பிக் கத்தினார். "எல்லாத்தையும் நீயே பண்ணிடற!"

சுருக்கென்றது. நிலைப்படியிலேயே நின்றேன்.

"நின்னு வேடிக்கை பாக்கறியா? கதவுக்குப் பின்னாடி தகரம் வெட்டற கத்தரி தொங்குது பாரு. எடுத்துட்டு வா!"

திரும்பிப் பார்த்தேன். எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. என் கை அதற்குள் பாதி தூரம் போய்விட்டிருந்தது. அதை இழுத்து, இரண்டு ஈரக் கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டேன்.

"வந்து எடுத்துக்குங்க" என்றேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கன்றுக்கும் கதவுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, வெறும் பனிதான். அவர் பள்ளத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விழுந்துவிடுவாரோ என்றுதான் இருந்தது எனக்கும். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்கிற ஆள் நான் இல்லை.

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போதே திட்ட ஆரம்பித்தார். என் பிடிவாதத்தைத் திட்டினார், என் கஞ்சியைத் திட்டினார், என்னைப் பெற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. நான் வாசலை விட்டு நகராமல் அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு திட்டும் முந்தினதைவிடப் பக்கத்தில் கேட்டது.