சூளை அறைக் கம்ப்யூட்டர்

சென்னைக் கம்பெனி கைவிட்டுப் போன பீங்கான் ஃபேக்டரியை, அங்கே வேலை பார்த்த பதினோரு பெண்களே சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள். அச்சுகள், மின்சாரச் சூளை, இரண்டு கம்ப்யூட்டர் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்கள் இன்னும் கம்பெனியின் டொமைனில்தான் இருந்தன. அவற்றுக்குள் யார் நுழையலாம் என்பதைச் சென்னையில் இருந்த சர்வர்தான் முடிவு செய்தது. திங்கட்கிழமை அதை நிறுத்தப் போவதாகவும், அதற்குள் கம்ப்யூட்டர்களை அதிலிருந்து பிரித்துக்கொள்ளும்படியும் கடிதம் வந்தது.

சனிக்கிழமை திட்டக்குடியிலிருந்து ரிப்பேர்க்காரர் ஜெயராஜ் வந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பத்தே நிமிடத்தில் டொமைனிலிருந்து கழற்றி, சர்வர் இல்லாமல் தனித்து இயங்கும் ஒர்க்குரூப்பில் போட்டார். இடையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே ஓகே கொடுத்தார். ரீஸ்டார்ட் ஆனபின் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அது ஏற்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அதில் இருந்தவை பழைய கடிதங்கள்தான் என்பதால் தப்பித்தார்.

சூளை அறைக் கம்ப்யூட்டர் அப்படியல்ல. எந்தச் சாமானுக்கு எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று, பதினோரு பேரில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வளர்மதி ஆறு வருடமாகத் திருத்தித் திருத்திப் பதிந்த அட்டவணைகள் அதில் இருந்தன. சூளையை ஓட்டும் ப்ரோகிராமும் அதில் மட்டும்தான். சேத்தியாத்தோப்பு மோட்டார் கடையின் முதல் ஆர்டர், நானூறு ஃப்யூஸ் கட்டை, சூளைக்குள் அடுக்கியாகிவிட்டது.

ஜெயராஜ் அந்த நாற்காலியை இழுத்தபோது வளர்மதி குறுக்கே வந்து நின்றாள்.

“அண்ணே, இத நானே பாத்துக்கறேன்.”

பெண்கள் கூட்டத்துக்குத் தலைவியான கனகா அவளைக் கவலையோடு பார்த்தாள். ஆனால் தடுக்கவில்லை.

அந்த எச்சரிக்கையை வளர்மதி ஜெயராஜின் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருந்தாள். டொமைனை விட்டு வந்தபின் உள்ளே போக, அந்த மெஷினுக்கென்றே ஒரு அட்மின் கணக்கு வேண்டும் என்று அதில் இருந்தது. ஞாயிறு காலையில் முதல் வேலையாக அப்படி ஒன்றை உருவாக்கினாள். சூளை ப்ரோகிராமுக்காகக் கம்பெனி கொடுத்திருந்த உரிமை அதற்குக் கைகொடுத்தது. புதுக் கணக்கில் ஒருமுறை நுழைந்து, திறக்கிறது என்று உறுதி செய்தாள். அட்டவணைகளைப் பொது ஃபோல்டருக்கு மாற்றினாள். அதன் பிறகுதான் டொமைனை எடுத்துவிட்டு, ஒர்க்குரூப் பெயராகச் ‘சூளை’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். சூளை ஒர்க்குரூப்புக்கு நல்வரவு என்றது திரை.

ரீஸ்டார்ட் முடிந்து புதுப் பெயரில் உள்ளே போனால், டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடந்தது. கனகாவுக்கு முகம் வெளுத்தது.

“எல்லாம் போயிடுச்சாடி?”

“எங்கயும் போவலக்கா. இது புது வாசல், வூடு அதேதான்.”

ஃபோல்டரைத் திறந்தாள். ஒன்று விடாமல் அத்தனையும் இருந்தன. ப்ரோகிராமை ஓடவிட்டாள். சூளையின் சிவப்பு எண்கள் நாற்பது, நாற்பத்தைந்து என்று ஏறத் தொடங்கின. பதினோரு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று நானூறும் நின்றன. ஒன்றில்கூட விரிசல் இல்லை. வளர்மதி ஒரு கட்டையை எடுத்து விரலால் சுண்டினாள். கணீரென்றது.

சேதி கேட்டு ஜெயராஜ் போன் செய்தார். கம்மாபுரத்தில் இதே மாதிரி நாலு கம்ப்யூட்டர் இருக்கிறதாம்.

“நீயே வந்து செஞ்சு குடும்மா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்.”

புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த அடுக்குக்குக் களிமண் எடுக்கப் போனாள் வளர்மதி.