சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு படகுகள்

அன்று திருவாதவூரில் எங்கள் நெற்களத்தில் இருந்தவர்கள்: முத்திருளனாகிய நான், என் மனைவி ரெங்கம்மாள், மகள் கனகலட்சுமி, மருமகன் ஜூடு, அவருடைய தாயார் இன்னாசியம்மாள், என் மைத்துனன் அழகுமலை, கொத்தனார் காளை. எட்டாவது ஆள் கிடையாது. களத்தில் இல்லாதவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகளும் மருமகனும் கொச்சியில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயே பாய்மரப் படகு ஓட்டப் படித்துத் தேறிவிட்டார்கள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் படகிலேயே தங்கி, கரையோரமாகக் கோவா வரை போய்வர வேண்டும் என்பது ஆசை. இரண்டு படகுகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்று முப்பத்தெட்டு அடி, இன்னொன்று இருபத்தாறு. விலையில் பாதி அவர்களுடையது, பாதி நான் செய்யும் சீர். சீர் என்றால் நாலு பேர் பார்ப்பார்கள். பெரியதைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆடி மாதத்தில் நாங்கள் எதுவும் வாங்குவதில்லை. பார்ப்பதற்குத் தடையில்லை. வீடு கட்டுவதென்றால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வோர் அறைக்குள்ளும் நின்று பார்த்த பிறகுதான் எங்கள் குடும்பத்தில் முடிவெடுப்போம். படகுக்கும் அதுவே முறை என்று காளையை வரச் சொல்லியிருந்தேன்.

ஜூடு அளவு சொல்ல, காளை கயிறு பிடித்து இரண்டு படகையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்தார். சமையலிடம் வந்ததும் நிமிர்ந்தார்.

“அய்யா, அக்னி மூலை எந்தப் பக்கம்?”

“தென்கிழக்கு. இது ஒரு கேள்வியா?”

“படகு திரும்பிக்கிட்டே இருக்குமேப்பா,” என்றாள் கனகலட்சுமி.

“அப்ப தோசையத் திருப்பிப் போட வேணாம் மாப்ள. படகே திருப்பிரும்,” என்று அழகுமலை ஜூடுவிடம் சொன்னான். நான் ஒரு பார்வை பார்த்தேன். அடுப்பைத் தென்கிழக்கிலேயே போடச் சொன்னேன்.

பெரிய படகுக்குள் அத்தனை பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அப்படியும் இடம் மிச்சமிருந்தது. முன்பக்கத்து அறையைக் காட்டினேன்.

“இது சம்பந்தியம்மாளுக்கு. குளியலறை தனி.”

“எனக்கா?” இன்னாசியம்மாள் நெஞ்சில் கைவைத்தார். “ஒத்தக்கடையிலருந்து ஆரப்பாளையம் போற பஸ்ஸுக்கே கையில எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டுத்தான் ஏறுறேன். என்னயப் போயி கடல்ல ஏத்துறீங்களே அண்ணே!”

ரெங்கம்மாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“அப்பா, இம்புட்டுப் பெருச நாங்க ரெண்டு பேரா ஓட்ட முடியாது,” என்றாள் மகள்.

“ஆள் வைப்போம்.”

“ஆள் வச்சா படகு அவன் கையில. நான் கூட வர்றவ, அம்புட்டுத்தான். நடுவழியில இவருக்குக் காய்ச்சல் வந்தா நான் ஒத்தையில கரைக்குக் கொண்டாரணும்ப்பா. அதுக்குத்தான படிச்சேன். அது முடியாதுன்னா எனக்குப் படகே வேணாம்.”

சம்பந்தியம்மாள் முன்னால் என் பேச்சை மறுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

“இடத்தப் பாத்தாச்சு. பெருசுதான்,” என்றேன்.

“பாயப் பாக்கலையே.”

நெல் மூடுகிற படுதாக்கள் கொட்டகையில் கிடந்தன. அவளும் ஜூடும் அந்தந்தப் படகின் பாய் அளவுக்கு இரண்டை மடித்துத் தைத்தார்கள். பெரியதன் ஒரு பக்கத்தை வேப்பமரத்தில் மேலும் கீழுமாகக் கட்டினார்கள். எதிர்முனையில் கோத்த கயிற்றை மாடு கட்டும் கல்லில் சுற்றி, நுனியைக் கனகலட்சுமி பிடித்தாள். ஆடிக் காற்று வந்தது. படுதா வேட்டுப் போட்டதுபோல் புடைத்தது. அவள் செருப்பு தேய இழுபட்டாள். ஜூடு ஓடிப் பிடித்தார், அவரும் போனார். அழகுமலையும் பிடித்தான், மூன்று பேரும் போனார்கள்.

“விடுங்க எல்லாரும். எப்பிடிப் பிடிக்கணும்னு நான் காட்டுறேன்.”

கயிற்றை வாங்கினேன். அடுத்த காற்று என்னைப் பெரிய படகின் அடுப்படியிலிருந்து கிளப்பி, கோட்டைத் தாண்டவைத்து, சின்னப் படகின் நடுவில் உட்காரவைத்தது. கயிற்றை நான் விடவில்லை. வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

“மச்சான் படகு மாறிட்டாருடோய்!” என்று கத்தினான் அழகுமலை.

இன்னாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கல்யாணத்தன்றுகூட என் எதிரில் பல் தெரியாமல் நின்றவர். அதைப் பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பிறகு சின்னதைக் கட்டினார்கள். அதே கல்லில் கயிற்றைச் சுற்றி, நுனியை ஒரு கையில் பிடித்தாள் கனகலட்சுமி. அதே காற்றுதான். கொஞ்சம் விட்டாள், படுதா தளர்ந்தது. இழுத்தாள், நெஞ்சை நிமிர்த்தியது. மறுகையால் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

ரெங்கம்மாள் வந்து என் வேட்டியைத் தட்டிவிட்டாள்.

“டிராக்டர் வந்த வருசம் ஓட்ட ஆள் வைக்கச் சொன்னாக. நீங்க என்ன சொன்னீக?”

நான் மறக்கவில்லை. நம் வீட்டு வண்டியை நம் வீட்டு ஆள்தான் ஓட்ட வேண்டும் என்றேன். ஓட்டியவள் ரெங்கம்மாள். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் வரப்பில் நிமிர்ந்து நின்றேன்.

எழுந்தேன்.

“எங்க வீட்டுப் பிள்ளை தன் படகுல அடுத்தவன் ஓட்ட உக்காந்து வரக் கூடாது. சின்னதையே எடுங்க.”

“அப்பா!” கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பறந்த படுதா அழகுமலையைத் தலையோடு மூடியது. உள்ளேயிருந்து அவன் என்ன சொன்னான் என்பது எழுதத் தக்கதல்ல.

ஆவணியில் வாங்கினோம். கொச்சிக் காயலில் முதல் ஓட்டம். கஞ்சி போட்ட வேட்டியில் நான் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். கனகலட்சுமி சுக்கான் பிடித்தாள்.

“அப்பா, தலையக் குனிங்க!”

யார் சொல்லியும் நான் தலை குனிந்ததில்லை. அவள் சொன்னதும் குனிந்தேன். பாயின் அடியில் கட்டிய குறுக்குமரம் தலைக்கு மேலே வீசிப் போனது. படகு திரும்பியது. ரெங்கம்மாள் கைதட்டினாள்.

பெரிய படகு வாங்க முத்திருளனுக்கு வசதி போதவில்லை, அதனால் சின்னதை எடுத்தார் என்று ஒத்தக்கடையில் பேசுகிறார்கள். அது பொய். பெரியதற்கே பணம் எடுத்து வைத்திருந்தேன். சின்னதைத் தேர்ந்தெடுத்தவள் கனகலட்சுமி. ஓட்டுபவளும் அவள்தான்.