ஜெரூஷா வாசிப்பாள்

“சொல்லிட்டீங்களா?”

டெனிஸ் மைக் ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். மனைவி கேட்டும் நிமிரவில்லை.

“விழா முடியட்டும் சுஜி. அக்கா டென்ஷன்ல இருக்கா.”

“முடிஞ்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? விழாவிலதானே அவளை மேடை ஏத்தப் போறாங்க!”

“வெல்கம் ஸ்பீச்தானே? அவளுக்கு அது தூக்கத்துலகூட வரும்.”

அது உண்மைதான். எட்டு வயது ஜெரூஷாவுக்கு எதுவும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் வருடா வருடம் அவளுக்குத்தான் கோப்பை. நான்கு பக்கப் பேச்சைத் தடுமாறாமல் ஒப்பிப்பாள். நான்காம் வகுப்பு போகப் போகிற பெண்ணா இது என்று கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள்.

அந்த வாய்பிளப்பை நம்பித்தான் இன்றைய விழாவே.

அஸ்தினாபுரத்தில் இருக்கும் வேதசிரோமணி நினைவு நர்சரி பிரைமரி பள்ளி, டெனிஸின் அப்பா பெயரில் நடக்கிறது. நடத்துவது அவன் அக்கா ரத்தினபாய். தாளாளரும் அவள்தான், ஹெச்.எம்.மும் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும், சிறுசேரி ஐ.டி. வேலைக்கு அவனைத் தயார் செய்ததும் அவள். அதனால் டெனிஸ் இந்த வயதிலும் அக்கா முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார மாட்டான்.

இரண்டு மூன்று வருடங்களாக எல்.கே.ஜி.யில் சேர்க்கை விழுந்துவிட்டது. புது அபார்ட்மென்ட்காரர்கள் எல்லாம் ஸ்விம்மிங் பூல் இருக்கும் பள்ளிக்கூடங்களைத் தேடிப் போனார்கள். ரத்தினபாய் சளைக்கவில்லை. தம்பி மகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் போட்டோ எடுத்து, மெயின் ரோட்டில் பேனர் வைத்தாள். ‘இன்டர்நேஷனல் பள்ளிகளுக்கு நாங்கள் சளைத்தவர்கள் அல்ல. நேரில் வந்து பாருங்கள்.’

நேரில் பார்க்க வந்தவர்களால் ஹால் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

போன வாரமாக இருந்திருந்தால் சுஜியும் இந்த ஹாலில் பெருமையோடு உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம்தான் சிறுசேரி பக்கத்தில் இருக்கும் அந்த இன்டர்நேஷனல் பள்ளிக்குப் போனார்கள். ஆசை சுஜியுடையதுதான். டெனிஸின் ஆபீஸில் எல்லோருடைய பிள்ளைகளும் அந்த மாதிரி இடங்களில் படித்தன. கெட்-டுகெதரில் ‘உங்க பொண்ணு எங்க படிக்கிறா?’ என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அது எங்கே இருக்கிறது என்றும் விளக்க வேண்டியிருந்தது. அது அலுத்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

அங்கே இன்டர்வியூ என்று சொல்லமாட்டார்கள், இன்டராக்‌ஷன். அங்கிருந்த இளம் டீச்சர் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்து ஜெரூஷாவை வாசிக்கச் சொன்னாள். ஜெரூஷா ஏற்ற இறக்கத்தோடு அழகாக ஒரு கதை சொன்னாள். டீச்சர் சிரித்தபடி படங்களைக் கையால் மறைத்துவிட்டு, “இப்போ இந்த வரி மட்டும்” என்றாள்.

ஜெரூஷா வரியைப் பார்க்கவில்லை. டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தைக்கு எழுத்து இன்னும் பிடிபடலை மேடம். இங்கிலீஷும் சரி, தமிழும் சரி. நல்ல ஞாபகசக்தி, அதை வச்சே சமாளிச்சிருக்கா. இது கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கும் வர்ற பிரச்சினைதான். இதுக்குன்னே இங்க தனி டீச்சர் இருக்காங்க. கவலைப்படாதீங்க.”

சுஜி அன்றிரவு சாப்பிடவில்லை. வீட்டுப்பாடம் செய்யும்போது அவள்தான் முதலில் வாசிப்பாள், மகள் திருப்பிச் சொல்வாள். அதைப் படிப்பு என்று நினைத்துவிட்டாளே!

“அக்காகிட்ட நானே சொல்றேன்” என்றான் டெனிஸ். இதோ, இன்றுவரை சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

கைதட்டல் எழுந்தது. ஜெரூஷா மேடையேறி, கையில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, கணீரென்று வரவேற்புரையை முடித்திருந்தாள். ஒரு பிசிறில்லை. சுஜி மூச்சுவிட்டாள்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம். சிட்டிபாபு. இந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது. இப்போது மனை வியாபாரம்.

“பேஷ், பேஷ்! கொயந்த நல்லா பேசுது. ஆனா மேடம், நா ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. சொல்லிக் குடுத்தத ஒப்பிக்கிறது கிளிகூட செய்யும். எம்பொண்ணுக்கு அந்தப் பெரிய இஸ்கூல்ல சீட்டு ரெடியா கீது. நா இங்க எதுக்கு வரணும், சொல்லு?”

ஹாலில் சிரிப்பு. ரத்தினபாய் சிரிக்கவில்லை.

“என்ன சார் வேணும் உங்களுக்கு?”

சிட்டிபாபு பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து இங்கிலீஷ் பேப்பரை வாங்கி நீட்டினார். “இன்னிக்கு பேப்பர். இத படிக்கச் சொல்லு. எந்தப் பக்கம் வேணா. கரீட்டா படிச்சிட்டா எம்பொண்ணு மட்டும் இல்ல, எங்க தெரு புள்ளைங்க மொத்தம் இங்கதான். இது சிட்டிபாபு வார்த்த.”

“தாராளமா!” ரத்தினபாயின் முகம் மலர்ந்தது. பேப்பரை வாங்கி முதல் பக்கத்தை மடித்தாள். “ஜெரூஷா வாசிப்பாள். வாம்மா.”

ஜெரூஷா அத்தையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் தேடினாள்.

சுஜி டெனிஸைப் பார்த்தாள். அவன் ஒட்டி முடித்த டேப்பையே மறுபடி அழுத்திக்கொண்டிருந்தான்.

குழந்தையின் கை பேப்பரைத் தொட்டது.

“வேண்டாம்!”

தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று சுஜி நினைக்கவில்லை. ஹால் மொத்தமும் திரும்பியது.

“என்ன சுஜி?” ரத்தினபாய் மைக்கிலேயே கேட்டுவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் மகள் இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பாள். வேறு என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அவளை நாங்க இங்கிருந்து மாத்தறோம். இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்க்கப் போறோம். இங்க இருந்து போகப் போற பொண்ணு, இந்த ஸ்கூலுக்கு விளம்பரமா எதுக்கு நிக்கணும்? ஜெரூஷா, இறங்கி வா.”

ஹாலில் சலசலப்பு எழுந்தது.

“அட்ரா சக்க! எச்செம்மு வூட்டுப் பொண்ணே இங்க படிக்காதாமே!” சிட்டிபாபு தொடையில் தட்டிக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். “பணம் வந்துட்டா கண்ணு தெரியாது சிலருக்கு.”

சுஜிக்குக் காது சுட்டது. ஜெரூஷா ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அது போதும்.

சுஜியும் ஜெரூஷாவும் ஆபீஸ் ரூமுக்குள் வந்ததும் ரத்தினபாய் கதவை அறைந்து சாத்தினாள். பின்னாலேயே ஜெரூஷாவின் வகுப்பாசிரியை அமலராணியும் வந்து சுவரோரம் நின்றாள்.

“நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன் சுஜி? வீட்ல வச்சு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? மைக் முன்னால, ஊரைக் கூட்டி வச்சு… எது வேணும் உனக்கு? ஏசி பஸ்ஸா? குதிரை ஓட்டணுமா உன் பொண்ணு?”

“அக்கா, ஜெரூஷாவுக்கு வாசிக்கத் தெரியாது.”

ரத்தினபாய் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். “யாரு, இவளா? கிளாஸ் ஃபர்ஸ்ட்!” கையிலிருந்த பேப்பரை ஜெரூஷாவிடம் நீட்டினாள். “அம்மா சொல்றதைக் கேட்டியா? வாசிச்சுக் காட்டு கண்ணு.”

“அக்கா, வேண்டாம்…”

ஆனால் ஜெரூஷா பேப்பரை வாங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் ஒரு ரயில் படம். தொண்டையைச் செருமிக்கொண்டு, டி.வி.யில் செய்தி வாசிப்பவள் குரலில் ஆரம்பித்தாள்.

“டுடே இன் தாம்பரம் ஸ்டேஷன், மெனி பீப்பிள் வேர் வெயிட்டிங். தி டிரெயின் கேம் ஆன் டைம். எவ்ரிபடி வாஸ் வெரி ஹேப்பி…”

“கேட்டியா?” ரத்தினபாய் சுஜியைப் பார்த்துத் தலையாட்டினாள். பெருமையோடு, சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குழந்தையின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

தண்டவாள வேலைக்காக நாளை, ஞாயிற்றுக்கிழமை, மின்சார ரயில்கள் ரத்து. செய்தி அதுதான். யாரும் மகிழ்ச்சியாக இல்லை, எந்த ரயிலும் வரவில்லை.

ரத்தினபாயின் தலையாட்டல் நின்றது. விரல் ஒரு சொல்லின் மேல் போய் நின்றது.

“இது என்ன வார்த்தை?”

ஜெரூஷா பேப்பரைப் பார்க்கவில்லை. அத்தையின் உதட்டைப் பார்த்தாள். ரத்தினபாய்க்குத் தெரியாமலே அவள் உதடு அந்தச் சொல்லை உருட்டியது. உடனே பதில் வந்தது.

“சண்டே!”

சரியான பதில். ரத்தினபாய் குழந்தையை வெறித்துப் பார்த்தாள். மெல்லப் புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள்.

ஜெரூஷா காத்திருந்தாள். உதடு தெரியவில்லை. கண்கள் அங்கும் இங்கும் அலைந்தன. வெளியே ஹாலில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“போதும் கண்ணு.” ரத்தினபாயின் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. “அப்பா வெளிய நிக்கிறார் பாரு, போ.”

குழந்தை போனதும் அமலராணியின் பக்கம் திரும்பினாள். “தொண்ணூத்தாறு மார்க் போட்டீங்களே டீச்சர். எப்படிப் போட்டீங்க?”

அமலராணி கைகளைப் பிசைந்தாள். “கேள்வி பதிலெல்லாம் அப்படியே வரைஞ்சு வைக்கிற மாதிரி எழுதிடுவா மேடம். சிலது விட்டுப் போகும். நான் அரைப் பரீட்சைல குறைச்சுத்தான் போட்டேன். நீங்கதான்… நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு கறாரா திருத்தணுமான்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் எங்கள்ல யாரும் குறைச்சுப் போடலை.”

ரத்தினபாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கடைசியில் கேட்டாள்.

“அங்க இதைச் சரி பண்ணிடுவாங்களா?”

“தனி டீச்சர் இருக்காங்கக்கா. பார்த்த அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க.”

“இங்கேயே இருக்கட்டும் சுஜி. தினமும் சாயங்காலம் நானே பக்கத்துல உட்கார வச்சு, ஆனா ஆவன்னாவிலேருந்து…”

“உங்களால முடியும்க்கா. அவளாலதான் முடியாது. இங்க அவ ஹெச்.எம். வீட்டுப் பொண்ணு. ஒரு எழுத்தைத் தப்பா வாசிக்கக்கூட அவளுக்கு இங்க இடமில்ல. அங்க அவ யாருன்னு யாருக்கும் தெரியாது.”

இதைச் சொல்லும்போதுதான் சுஜிக்கே அது புரிந்தது. ஆபீஸ்காரர்களுக்குச் சொல்வதற்காகத் தேடிய பள்ளி, இப்போது வேறு எதற்கோ வேண்டியிருந்தது.

ரத்தினபாய் எழுந்தாள். “நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். உன்னைப் பத்தி வெளிய என்னென்னமோ பேசறாங்க.”

சுஜி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். “பேசட்டும். திமிர் பிடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன். அவ பேர் மட்டும் வரக் கூடாதுக்கா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ரத்தினபாய் முன்னால் சுஜி இப்படி நின்றதில்லை. ரத்தினபாய்தான் முதலில் கண்ணை எடுத்தாள்.

ஹாலில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். சிட்டிபாபு போகவில்லை. வேடிக்கையின் மிச்சத்தைப் பார்க்கக் காத்திருந்தார்.

ரத்தினபாய் மைக்கைப் பிடித்தாள். “என் தம்பி மகள் அடுத்த வருஷம் இங்க படிக்க மாட்டா. அவ அம்மா எடுத்த முடிவு சரியான முடிவு. காரணத்தை நான் சொல்றதுக்கில்ல.”

“அப்டின்னா இன்னா மேடம் அர்த்தம்? உன் வூட்டுப் பொண்ணு அங்க போவும், எம்பொண்ணு மட்டும் இங்க வரணுமா?”

“வேண்டாம் சார். உங்க பொண்ணை இன்னிக்கு இங்க சேர்க்காதீங்க.”

சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு போய்விட்டது. “இன்னாது?”

“இருக்கிற பிள்ளைங்களை முதல்ல நான் ஒவ்வொருத்தரா உட்கார வச்சுப் பார்க்கணும். அதுக்கப்புறம் வாங்கன்னு கூப்பிடறேன். அப்போ விருப்பமிருந்தா வாங்க.” மைக்கை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

“பேஜாரா கீதேப்பா” என்று முணுமுணுத்தபடி சிட்டிபாபு பேப்பரைக்கூட வாங்காமல் வெளியே போனார். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சேர்க்கைக்கென்று போட்டிருந்த மேஜைப் பக்கம் யாரும் போகவில்லை.

டெனிஸ் காரை ஊரப்பாக்கத்தில் இருந்த வீட்டை நோக்கி ஓட்டினான். பெருங்களத்தூர் தாண்டியது.

“நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றான் மெதுவாக.

“ஆமா” என்றாள் சுஜி. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் நகராமல் நின்றன.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“அம்மா, அத்தைக்குத் தெரிஞ்சிடுச்சா?”

சுஜி திரும்பினாள். “என்ன கண்ணு?”

“எனக்கு வரலைன்னு.”

டெனிஸ் கண்ணாடியில் மகளைப் பார்த்தான். இந்தக் குழந்தை எத்தனை நாளாக இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தது?

“தெரிஞ்சிடுச்சும்மா.”

“அழுதாங்களா?”

“இல்ல.”

ஜெரூஷா ஜன்னலோரம் நகர்ந்து, ஷூவைக் கழற்றிக் கீழே போட்டாள். காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

“அந்த ஸ்கூல்ல தப்பா வாசிச்சா திட்ட மாட்டாங்களாம்மா?”

“மாட்டாங்க.”

“எல்லார் முன்னாடியும் தப்பா வாசிச்சாக்கூடவா?”

“அப்பவும் மாட்டாங்க.”

ஜெரூஷா யோசித்தாள்.

“அப்போ எப்ப போறோம்?”