வலி தெரியாமல் பெற்றவள்

“வயித்தைக் கிழிக்க நாள் குறிச்சுட்டு வந்து நிக்கிறா” என்று மாமியார் போனில் தன் அக்காவிடம் சொன்னாள். பக்கத்து அறையில் இருக்கும் மருமகள் காதில் விழட்டும் என்றே அந்தக் குரல் ஒரு படி ஏறியிருந்தது.

மருமகள் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வயிறு முன்னால் இடிக்கும்வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைசி ஸ்கேனில்தான் தெரிந்தது, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று. “வலி வரட்டும்னு காத்திருந்தா ரத்தம் கொட்டிடும். உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. முன்னாடியே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்” என்றார் டாக்டர். அவள் அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னாள்.

“டாக்டருக்கென்ன, கையில கத்தி இருக்கு, அறுக்கணும்னுதான் சொல்லுவா. நான் நாலு பெத்தேன். ஒருத்தரும் என்மேல கத்தி வைக்கல.”

“உங்களுக்கு நஞ்சு வாயை அடைக்கல அத்தை.”

“உனக்கும் ஒண்ணும் வாய் அடைச்ச மாதிரி தெரியலையே.”

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். “அம்மா சொல்றதும்...” என்று ஆரம்பித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் “டாக்டர் சொல்றதும்...” என்று திருப்பினான். எந்தப் பக்கமும் முடிக்காமல் குளிக்கப் போய்விட்டான்.

குறித்த நாளில் ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே தனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆனது. நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். “வலிக்காது. இழுக்கிற மாதிரி இருக்கும்” என்றார்கள். பூட்டிக்கொண்ட மேசை டிராயரை யாரோ இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டித் திறப்பதுபோல் இருந்தது. வலிக்கவில்லைதான். ஆனால் உடம்பு நடுங்கிப் பல் தந்தியடித்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஓர் அழுகை கேட்டது. “பொண்ணு” என்று சொல்லி, கன்னத்தைக் கன்னத்தோடு ஒருமுறை ஒட்டவைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாமியார் குழந்தையைப் பார்த்ததும் “மூக்கு என் மகனோடது” என்றாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, “வலி தெரியாம பெத்தாச்சு. எழுந்து உக்காரேன்” என்றாள்.

மறுநாள் நர்ஸ் எழுப்பி நிற்கவைத்தபோது, வயிறு மொத்தமும் கழன்று தரையில் விழுந்துவிடும்போல் இருந்தது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி, கூன் விழுந்தவளாகக் கழிப்பறைவரை போய் வந்தாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும், சிரித்தாலும் அப்படித்தான் என்றாள் நர்ஸ். சிரிக்கவைக்கிற ஆள் யாரும் அந்த அறையில் இல்லாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், “எங்க மருமக பிள்ளை பெக்கல. பார்சல் மாதிரி டெலிவரி வாங்கிட்டு வந்தா” என்றாள். பால் சுரக்கத் தாமதமானது. அதைச் சாக்காக வைத்துக் குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கிப்போய்ப் புட்டிப்பால் கொடுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் இவளுக்கு மார்பு கல்லாகக் கனத்தது. தட்டினால், “தூங்குது, போய்ப் படு” என்று பதில் வந்தது.

ஒருநாள் ஈரத்துணி நிறைந்த பக்கெட்டை மாமியார் அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். “குனிஞ்சு நிமிர்ந்தாத்தான் உடம்பு வணங்கும்.”

தூக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வீம்புக்குத் தூக்கினாள். அதற்கப்புறம் தையல் போட்ட இடம் சிவந்து, தொட்டால் சுட்டது. காய்ச்சல் வந்தது. ஒருநாள் காலையில் உள்பாவாடையில் மஞ்சளாகக் கறை.

“அத்தை, தையல்ல சீழ் வருது.”

“புண்ணுன்னா கசியத்தான் செய்யும். தொட்டதுக்கெல்லாம் டாக்டர்னு ஓட முடியுமா?”

கணவனுக்குப் போன் செய்தாள். “கடையில கூட்டமா இருக்கு. சாயங்காலம் வந்து பார்க்கிறேன்” என்றான்.

அவள் ஓட்டுநர் பள்ளியில் கூட வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டாள். நெட்டை என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். நெட்டை பயிற்சிக் காரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இவள் சுவரைப் பிடித்து நடந்து மாமியார் அறைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினாள். மாமியார் வாசலை மறித்தாள்.

“பிள்ளை எங்க போகுது?”

“என்கூட.”

“உன்னாலயே நிக்க முடியல. பிள்ளையை வெச்சுட்டுப் போ.”

“வெச்சுட்டுப் போனா திரும்பக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கணும். வழியை விடுங்க அத்தை.”

“என் மகன் வரட்டும்.”

“அவர் வர்றதுக்குள்ள நான் செத்துருவேன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். நெட்டை உள்ளே வந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். மாமியாரின் தோள் கொஞ்சம் விலகியது. அந்த இடைவெளியில் இருவரும் வெளியேறினார்கள்.

டாக்டர் நாலைந்து தையலைப் பிரித்துச் சீழை அழுத்தி எடுத்தார். அந்த வலிக்கு அவள் போட்ட கூச்சல் வராந்தாவரை கேட்டது. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உள்வரைக்கும் இறங்கியிருக்கும். யாரு உன்னை வெயிட் தூக்கச் சொன்னது?” என்று திட்டினார். அப்போதுதான் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்ற கணவன் அதைக் கேட்டான். எதையும் ஆரம்பிக்கவில்லை அவன்.

சாயங்காலம் மாமியார் சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். பிரிந்து திறந்திருந்த புண்ணுக்குள் திணித்திருந்த கட்டுத்துணியை நர்ஸ் உருவியெடுப்பதை மாமியார் பார்த்தாள். முகம் இளகவில்லை. கோபம்தான் வந்தது.

“ரெண்டாவது பிரசவத்துல எனக்கும் கிழிஞ்சுது. தைக்க ஆளில்ல. மறுநாளே குனிஞ்சு துணி துவைச்சேன். என்னை யாரு பார்த்தா?”

“யாரும் பார்க்கல. அது பாவம். அந்தப் பாவத்தை என் தலையில ஏன் கட்டுறீங்க?”

மாமியார் கேரியரை ணங்கென்று வைத்தாள். “சாப்பிட்டா சாப்பிடு. இல்லன்னா கொட்டு.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்றே அவள் கணவனிடம் சொன்னாள். “எனக்கு ஆறுற வரைக்கும் அந்த வீட்டுல ஒண்ணு நான் இருப்பேன், இல்ல உங்கம்மா இருப்பாங்க. ரெண்டு பேரும் இருக்க முடியாது. யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

 அவன் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். போகும்போது மாமியார் அந்த வீட்டில் அறையாமல் விட்ட கதவு எதுவுமில்லை. புண் அடியிலிருந்து மேலாக, மெதுவாகத்தான் மூடியது. தினமும் கட்டு மாற்றியது கணவன்தான். லென்ஸ் பிடித்துப் பழகிய விரல்கள், அதிகம் வலிக்கவில்லை. தாமதமாக வந்தாலும் பால் குறையில்லாமல் வந்தது.

இப்போது மாமியார் பேத்தியைப் பார்க்க அவ்வப்போது வருகிறாள். இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. “காலுக்கு சாக்ஸ் போடச் சொல்லுடி உங்கம்மாவை” என்பாள் மாமியார். “புழுக்கமா இருக்குன்னு சொல்லுடி பாட்டிகிட்ட” என்பாள் இவள். மாமியார் கை நீட்டினால் குழந்தையைக் கொடுத்துவிடுவாள், மறுப்பதில்லை. கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். போன் அடித்தாலும், அடுப்பில் எது பொங்கினாலும், குழந்தை தன் கைக்குத் திரும்பும்வரை எழுந்திருக்க மாட்டாள்.